அலறும் ஆன்டிவைரஸ், அழியாத ஃபைல்

பழைய ஃபைலைப் பார்த்து கம்ப்யூட்டர் எச்சரிக்கும்போது அழிப்பதா, வைத்துக்கொள்வதா? பெரும்பாலான வீடுகளிலும் அலுவலகங்களிலும் இந்தக் கேள்விக்குப் பதற்றத்தில்தான் பதில் சொல்லப்படுகிறது.

சி.டி.யின் மேல் கறுப்பு மார்க்கர் பேனாவால் 'அப்பா – 2003' என்று எழுதியிருக்கிறது. பழைய இன்ஷூரன்ஸ் ரசீதுகளுக்கு அடியில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்த சி.டி. இன்றைய லேப்டாப்பில் சி.டி. போட இடமே இல்லை என்பதால் வெளியிலிருந்து இணைக்கும் டிரைவ் ஒன்றையும் வாங்கியாகிவிட்டது. சி.டி. சுழல ஆரம்பித்த சில நொடிகளில் திரையின் மூலையில் எச்சரிக்கை முளைக்கிறது: இரண்டு ஃபைல்களில் ஆபத்து. ஒன்று, ஓய்வு பெற்ற பிறகு தந்தை உட்கார்ந்து டைப் செய்த குடும்ப வரலாறு. மற்றது, அதை டைப் செய்ய அவர் பயன்படுத்திய தமிழ் சாஃப்ட்வேர். எச்சரிக்கையின் கீழே ஒரு பட்டன் தயாராக நிற்கிறது: 'நீக்கு'.

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதை அல்ல. கம்ப்யூட்டர் வாங்கி இருபது, முப்பது வருடம் ஆகிவிட்ட எந்த இந்திய வீட்டிலும் நடக்கக்கூடியது. கல்யாண போட்டோ இருக்கும் பென் டிரைவ், மூடிய கடையின் கணக்கு, கோர்ட் டைப்பிஸ்ட் ஒருவர் கிருதி தேவ் எழுத்துருவில் அடித்து வைத்த இந்தி மனுக்கள் என்று பொருள்தான் மாறும். விவரம் தெரிந்தவரைக் கேட்கலாம் என்று போனால், டெல்லி நேரு பிளேஸோ மும்பை லாமிங்டன் ரோடோ சென்னை ரிச்சி தெருவோ, மொழி மாறலாம், பதில் மாறாது: "ஃபார்மட் பண்ணிடலாம் சார்."

அதைவிட நல்ல பதில்கள் உண்டு. ஆனால் அதற்கு முதலில், ஆன்டிவைரஸ் சொல்வது தீர்ப்பு அல்ல, சந்தேகம் என்பது புரிய வேண்டும்.

ஒரு புரோகிராம் வைரஸா இல்லையா என்று எல்லாச் சமயத்திலும் பிழையின்றிச் சொல்லக்கூடிய சாஃப்ட்வேரை யாராலும் எழுத முடியாது. இது திறமைக் குறைவு அல்ல; கணித உண்மை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஃப்ரெட் கோஹன் 1980-களிலேயே இதை நிரூபித்துவிட்டார். எனவே ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் போலீஸ்காரர்கள் செய்வதைத்தான் செய்கின்றன. முதலில், ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அது பொருந்தவில்லை என்றால் நடவடிக்கையைப் பார்ப்பது: இந்தப் புரோகிராம் ஏன் தன்னைச் சுருக்கி மூடிக்கொண்டிருக்கிறது, ஏன் கீ-போர்டை ஒட்டுக் கேட்கிறது? மூன்றாவது, ஊர் விசாரணை. உலகத்தில் எத்தனை கம்ப்யூட்டர்களில் இது இருக்கிறது, எழுதிய நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா?

இந்த மூன்றாவது விசாரணையில்தான் பழைய ஃபைல்கள் மாட்டிக்கொள்கின்றன. 1990-களில் ஒரு தனி ஆள் எழுதிச் சில நூறு பேருக்குக் கொடுத்த புரோகிராமுக்குக் கையெழுத்து ஏது? உலகில் அதைப் பயன்படுத்துபவர்கள் இன்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். யாருக்கும் தெரியாத, ஜாமீன் கொடுக்க ஆளில்லாத ஃபைல் என்றாலே சந்தேகம் வந்துவிடுகிறது. ஃபைல் மாறவே இல்லை. அதைப் பார்க்கும் கண்தான் மாறியிருக்கிறது.

நிறுவனங்களே வழுக்கி விழுந்த கதைகள் ஏராளம். 2010 ஏப்ரல் 21-ல் மெக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்.பி.யின் உயிர்நாடியான எஸ்.வி.சி.ஹோஸ்ட் என்ற ஃபைலையே வைரஸ் என்று பிடித்தது. பல நாடுகளில் கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கை இழந்து, ஓயாமல் ரீ-ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. ஆஸ்திரேலியாவின் கோல்ஸ் சூப்பர் மார்க்கெட்டின் சில கடைகளில் பில் போட முடியவில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மருத்துவமனைகள் அவசரமில்லாத நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. 2007-ல் நார்ட்டன், சீன மொழி எக்ஸ்.பி.யின் ஃபைல்களை அள்ளிக்கொண்டு போய் ஏராளமான கம்ப்யூட்டர்களை முடக்கியது. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் செய்தது உச்சக்கட்டம்: தன்னை அப்டேட் செய்யும் தன் சொந்த ஃபைலையே ஆபத்தானது என்று அறிவித்தது.

அதற்காக, எச்சரிக்கை எல்லாம் பொய் என்று உதறித் தள்ளுவதும் ஆபத்து. 'கம்பெனி சி.டி., இதில் வைரஸ் எப்படி வரும்?' என்பது இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு நம்பிக்கை. வேர்ட் ஃபைல்கள் மூலம் பரவிய முதல் பெரிய வைரஸான 'கான்செப்ட்', 1995-ல் மைக்ரோசாஃப்ட்டே வினியோகித்த ஒரு சி.டி.யில் இருந்தது. 1999-ல் ஐ.பி.எம்.மின் ஆப்டிவா கம்ப்யூட்டர்களில் சில ஆயிரம், தொழிற்சாலையிலிருந்தே சி.ஐ.எச். வைரஸோடு வெளியே வந்தன. அந்த வருடம் ஏப்ரல் 26-ல் ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியைத் துடைத்து, மதர்போர்டின் பயாஸையும் கெடுத்து, ஆசியா முழுவதும் கம்ப்யூட்டர்களைச் சாகடித்ததே, அதே வைரஸ்தான். சி.டி.யில் எழுதியது மாறாது என்பது உண்மை. எழுதிய அன்றே உள்ளே இருந்த வைரஸும் மாறாது என்பதும் உண்மை.

அவசரம் வேண்டாம்

எந்தப் பழைய ஃபைலுக்கும் பொருந்தும் ஒரு விஷயம்: தூங்கும் வைரஸ் கடிக்காது. ஒரு ஃபைல் வட்டில் கிடப்பதாலோ, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு காப்பி ஆவதாலோ கிட்டத்தட்ட எப்போதும் எதுவும் நடப்பதில்லை. அதை ஓடவிட வேண்டும், அல்லது திறக்க வேண்டும். பென் டிரைவைச் செருகியதுமே வைரஸ் தானாகப் பாயும் ஆட்டோரன் வசதி ஒருகாலத்தில் இருந்தது, எக்ஸ்.பி.க்கும் விஸ்டாவுக்கும் 2011-ல் வந்த அப்டேட்டோடு மைக்ரோசாஃப்ட் அதற்குக் கதவைச் சாத்தியது. ஆகவே எச்சரிக்கை வந்த நிமிடத்தில் முடிவெடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

முடிவெடுக்கும் வரை ஃபைலை வைக்க வேண்டிய இடம் க்வாரன்டைன். கொரோனாவுக்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிராத சொல். ஆன்டிவைரஸ் அந்த ஃபைலை ஓட முடியாத வடிவத்தில் பூட்டி வைக்கிறது. தவறு என்று தெரிந்தால் திரும்ப எடுக்கலாம். டெலீட் செய்ததைத் திரும்ப எடுப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆனால் க்வாரன்டைனும் பேங்க் லாக்கர் அல்ல. சில சாஃப்ட்வேர்கள் குறிப்பிட்ட நாள் கழித்து உள்ளே இருப்பதைத் தாமே அழித்துவிடும்.

சி.டி.யில் இருக்கும்போது இன்னொரு சௌகரியம் உண்டு. அதில் ஆன்டிவைரஸால் எதையும் அழிக்க முடியாது. 'சரிசெய்ய முடியவில்லை' என்று திரும்பத் திரும்பப் புலம்பும், அவ்வளவுதான். மூலப் பிரதி பத்திரம். பென் டிரைவும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் அப்படியல்ல. செருகிய மறு நொடியில், கேட்காமலேயே ஃபைலைத் தூக்கிவிடும் ஆன்டிவைரஸ்கள் உண்டு. ஃபிளாப்பியின் மூலையில் நகர்த்தி வைக்கும் சின்னத் தடுப்பு ஒன்று இருந்ததே, அதன் அருமை இப்போதுதான் தெரிகிறது. எஸ்.டி. கார்டில் அது இன்னும் இருக்கிறது. பென் டிரைவ்களில் அபூர்வம்.

அடுத்து, எச்சரிக்கையில் இருக்கும் பெயரைப் படிக்க வேண்டும். யாரும் படிப்பதில்லை, பட்டனைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் முக்கால்வாசி விஷயம் அந்தப் பெயரில் இருக்கிறது. 'சாலிட்டி', 'விருட்', 'ராம்னிட்' என்று குறிப்பான குடும்பப் பெயர் இருந்தால் கைரேகை பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம், அலட்சியம் கூடாது. 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்', 'சஸ்பிஷியஸ்' என்று பொத்தாம் பொதுவாக இருந்தால் நடத்தையை வைத்துக் கிளம்பிய சந்தேகம். 'ஹாக்டூல்', 'ரிஸ்க்வேர்' என்றால், அது வைரஸ் என்பதைவிட, நிறுவனத்துக்குப் பிடிக்காத சாமான் என்று பொருள்.

எண்ணிக்கையும் துப்பு கொடுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஒரு புரோகிராம் மட்டும் மாட்டினால் வீண் பழியாக இருக்கலாம். இருக்கிற புரோகிராம் அத்தனையும், சம்பந்தமே இல்லாதவைகூட, ஒரே பெயரில் மாட்டினால் அது நிஜமான தொற்று. சாலிட்டியும் ராம்னிட்டும் இப்படித்தான் கண்ணில் பட்ட எல்லா இ.எக்ஸ்.இ. ஃபைல்களுக்குள்ளும் புகுந்துகொள்ளும், இந்தியாவின் சைபர் கஃபேக்களும் ஜெராக்ஸ் கடைகளும் வருடக்கணக்கில் இவற்றுக்கு அன்னமிட்டு வளர்த்தன.

இரண்டாவது கருத்து

டாக்டர் விஷயத்தில் போலவே இங்கேயும் இரண்டாவது கருத்துக் கேட்பது நல்லது. ஸ்பெயினில் 2004-ல் தொடங்கி 2012-ல் கூகுள் வாங்கிய 'வைரஸ்டோட்டல்' இலவச சேவை, ஒரு ஃபைலை எழுபது போல ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் காட்டி அபிப்பிராயம் வாங்கித் தருகிறது. ஆனால் அங்கே ஏற்றும் ஃபைல் அங்கேயே நிற்பதில்லை. பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படும். ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், வக்கீலின் கட்டுக்காகிதம் எதையும் அங்கே ஏற்றக் கூடாது.

ஏற்றாமலேயே விசாரிக்க வழி உண்டு. எந்த ஃபைலுக்கும் எஸ்.எச்.ஏ.-256 என்ற 64 எழுத்துக் கைரேகை ஒன்றைக் கணக்கிடலாம். விண்டோஸிலேயே இருக்கும் 'சர்ட்யூட்டில்' கட்டளை அதைச் செய்யும். அந்தக் கைரேகையை மட்டும் வைரஸ்டோட்டலில் தேடினால் போதும். உலகில் யாராவது அதே ஃபைலை முன்பே காட்டியிருந்தால் முடிவும், முதன்முதலில் எந்தத் தேதியில் அது அங்கே வந்தது என்பதும் தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து வருடமாக அங்கே கிடந்து, இரண்டு மூன்று பேர் மட்டும் பொதுப் பெயரில் குறை சொல்லும் ஃபைல் பெரும்பாலும் நிரபராதி. நாற்பது பேர் ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் வாதாடிப் பயனில்லை.

இடையில் இருக்கும் எண்கள்தான் சங்கடம். அங்கே வாக்குகளை எண்ணி முடிவு செய்வதும் சரியல்ல, ஏனென்றால் வாக்காளர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். 2010-ல் கேஸ்பர்ஸ்கி நிறுவனம் ஒரு சோதனை செய்தது. எந்தத் தீங்கும் இல்லாத 20 ஃபைல்களைத் தயாரித்து, அவற்றில் 10-ஐ வேண்டுமென்றே ஆபத்தானவை என்று தன் சாஃப்ட்வேரில் குறித்து, எல்லாவற்றையும் வைரஸ்டோட்டலில் ஏற்றியது. பத்தே நாளில், அந்த 10 ஃபைல்களையும் ஆபத்து என்று அறிவித்த மற்ற நிறுவனங்கள் 14 வரை சேர்ந்துவிட்டன. தவிர, ஒரு நிறுவனத்தின் எஞ்சினை வாடகைக்கு எடுத்துத் தம் பெயரில் விற்கும் நிறுவனங்களும் உண்டு. ஐந்து பேர் சொல்வதுபோல் தெரிவது, சில நேரம் ஒருவர் ஐந்து குரலில் பேசுவது.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஃபைலைப் பிடித்த நிறுவனத்திடமே முறையிடலாம். மைக்ரோசாஃப்ட் முதல் புனேயின் க்விக் ஹீல், சென்னையின் கே7 வரை எல்லோரும் இப்படிப்பட்ட மனுக்களை வாங்குகிறார்கள். தவறென்று தெரிந்தால் அப்டேட்டில் சரிசெய்வார்கள். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, தொற்றியதைச் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

எதுவும் வேண்டாம், இந்த ஃபைலை விட்டுவிடு என்று ஆன்டிவைரஸிடம் சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் செய்வதானால் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டும். முழு ஃபோல்டருக்கோ, சி டிரைவுக்கோ விலக்குக் கொடுப்பது, ஒரு விருந்தாளிக்காக வாசல் கதவையே கழற்றி வைப்பது. அந்த விலக்கு அங்கே இருப்பது ஆறு மாதத்தில் மறந்தும்போகும்.

ஒரு வகை ஃபைலுக்கு மட்டும் இந்த உபசாரம் எதுவும் தேவையில்லை. திருட்டு சாஃப்ட்வேரின் பூட்டை உடைக்க வந்த 'க்ராக்', 'கீஜென்' வகையறா. அவற்றை வெறும் பொறாமையால் நிறுவனங்கள் பிடிக்கின்றன என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வைரஸ் பரப்புகிறவர்களுக்கு அதைவிட வசதியான வண்டி கிடைத்ததில்லை. சந்தேகத்தின் பலனை அவற்றுக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

வேண்டியது எது?

முடிவெடுக்கும் கட்டத்தில் பலரும் கேட்க மறப்பது: இந்த ஃபைலில் தனக்கு வேண்டியது என்ன? சரக்கா, சாக்குப் பையா?

பென் டிரைவ் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். 'கல்யாணம்' என்ற ஃபோல்டரை வைரஸ் என்கிறது ஆன்டிவைரஸ். வீடே கலங்குகிறது. உண்மையில் மாட்டியது ஃபோல்டர் அல்ல. ஃபோல்டர் படத்தை முகமூடியாக மாட்டிக்கொண்ட ஒரு இ.எக்ஸ்.இ. ஃபைல். நிஜமான ஃபோல்டரை அந்த வைரஸ் மறைத்து வைத்திருக்கிறது. முகமூடியை ஆன்டிவைரஸ் அழித்த பிறகு பென் டிரைவ் காலியாகத் தெரிய, போட்டோ எல்லாம் போய்விட்டது என்று நினைத்து ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். அழித்தது வைரஸ் அல்ல, ஃபார்மட். மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொன்னால், அல்லது 'அட்ரிப்' என்ற பழைய கட்டளையால் மறைப்பை நீக்கினால், போட்டோக்கள் அங்கேயே இருந்திருக்கும்.

பழைய டாஸ் கணக்கு புரோகிராம் வைத்திருக்கும் கடைக்காரர் நிலைமை வேறு. அவருக்கு வேண்டியது புரோகிராம் அல்ல, அதற்குள் இருக்கும் கணக்கு. அதை அழித்துவிட்டால் வெறும் மனக்கஷ்டத்தோடு முடியாது: கம்பெனி என்றால் 2013-ம் வருடச் சட்டப்படி எட்டு நிதியாண்டுக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும், ஜி.எஸ்.டி. சட்டப்படி வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். இன்றைய 64-பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் நேராக ஓடாது, அதனால் அந்தக் கால டாஸ் வைரஸும் ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேருக்குள் அதை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அங்கே வைரஸுக்கும் உயிர் வந்துவிடும், டாஸ்பாக்ஸுக்குக் காட்டிய ஃபோல்டரில் இருக்கும் மற்ற புரோகிராம்களையும் தொற்றும். எனவே தனி ஃபோல்டர், அதில் காப்பி மட்டும். கணக்கை அச்சடித்து அல்லது டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்துக்கொண்டால் புரோகிராமுக்கு விடை கொடுத்துவிடலாம். விண்டோஸ் புரோகிராம் என்றால், விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு 2019 முதல் கிடைக்கும் 'சாண்ட்பாக்ஸ்' இருக்கிறது. மூடியதும் உள்ளே நடந்த எல்லாம் காணாமல் போய்விடும்.

'அப்பா – 2003' சி.டி.க்கு இதையெல்லாம் பொருத்திப் பார்த்தால் கிடைக்கும் விடை சற்று விசித்திரமானது.

தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் மேல் விழுந்திருப்பது பொதுப் பெயரில் ஒரு சந்தேகம். காரணம் புரிகிறது. எந்தப் புரோகிராமில் டைப் செய்தாலும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத் தமிழாக மாற்றுவது அதன் வேலை. பாஸ்வேர்டு திருடும் உளவு சாஃப்ட்வேரும் அதே இடத்தில் நின்றுதான் விசைகளைப் பார்க்கிறது. கூடவே சுருக்கி மூடப்பட்ட ஃபைல், கையெழுத்து கிடையாது, பயன்படுத்த ஆள் கிடையாது. அநேகமாக நிரபராதி. ஆனால் இன்று அது யாருக்கும் தேவையில்லை.

வேர்ட் ஃபைல் விஷயம் நேர் எதிர். அதில் பிடிபட்டது குறிப்பான பெயருள்ள மேக்ரோ வைரஸ். 1999-ல் மெலிஸா உலகைச் சுற்றிய காலத்து வாரிசு. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் ஆபீஸ் ஃபிளாப்பி எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொண்ட ரகம். எச்சரிக்கை சரியானது. அழிக்கக் கூடாததும் அதுதான். ஏனென்றால் மேக்ரோ வைரஸ் உட்கார்ந்திருப்பது ஃபைலின் வேறு அறையில். தந்தை எழுதிய வரிகள் பக்கத்து அறையில் அப்படியே இருக்கின்றன. பல ஆன்டிவைரஸ்களில் 'சுத்தம் செய்' என்ற வழி உண்டு. வைரஸை எடுத்துவிட்டு எழுத்தை விட்டுவைக்கும். அது இல்லையென்றால் மேக்ரோக்களை முடக்கி வைத்த வேர்டிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலோ காப்பியைத் திறந்து, டாக்-எக்ஸ் வடிவத்தில் சேமிக்க வேண்டும். அந்த வடிவத்துக்குள் மேக்ரோவை வைக்கவே முடியாது. இதற்காக க்வாரன்டைனிலிருந்து காப்பியை வெளியே எடுக்கும் சில நிமிடங்கள் இன்டர்நெட்டைத் துண்டித்து வைப்பது நல்லது.

திறந்ததும் திரையில் தெரிவது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளும் கிறுக்கல்களும். இரண்டாவது பீதி இங்கே வரும். வைரஸ் வேலை அல்ல இது. 2003-ல் பலரும் யூனிகோடில் டைப் செய்யவில்லை. 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம், அதற்கு முன்பே இருந்த டிஸ்கி, தவிர ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று வைத்திருந்த எழுத்துருக்கள் என்று பல வகை. சி.டி.யில் சாஃப்ட்வேர் பக்கத்திலேயே எழுத்துரு ஃபைல் தனியாக இருக்கிறது. அதை ஆன்டிவைரஸ் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பதிந்துகொண்டதும் கிறுக்கல் தமிழாகிறது. பிறகு இலவச கன்வெர்ட்டர் ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றி, இரண்டு இடத்தில் சேமித்து, அண்ணன் தம்பிகளுக்கு அனுப்பலாம். அனுப்ப வேண்டியது புது ஃபைலை. பழையதை அனுப்பினால் அவர்கள் வீட்டு ஆன்டிவைரஸும் அலறும்.

சி.டி. என்ன ஆகும்? தூக்கிப் போட வேண்டியதில்லை, மாற்றிய ஃபைலில் ஏதாவது வரி விட்டுப்போயிருந்தால் மூலம் வேண்டியிருக்கும். மார்க்கர் பேனாவை எடுத்து, 'அப்பா – 2003' என்பதற்குக் கீழே இன்னொரு வரி எழுத வேண்டியதுதான்: 'வேர்ட் ஃபைலில் மேக்ரோ வைரஸ் இருக்கிறது. காப்பி எடுத்தாகிவிட்டது.'